தள்ளாடும் நடைக்குப் பிசியோதெரபி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வயதான அம்மாவோ அப்பாவோ வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டால், அப்போதே கவனிக்க வேண்டும். அவர்களாக வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் போகிற வழியில், சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கையழுக்கு படிந்திருக்கும். கோயிலுக்குப் போவது நின்றிருக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போவதும் நின்றிருக்கும். கேட்டால் "முட்டி வலி" என்பார்கள். வலி உண்மையாகவே இருக்கலாம். கூடவே, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கும்.

இதற்கு வீடுகளில் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, "நீங்க எழுந்திருக்காதீங்க, எது வேணும்னாலும் கேளுங்க." இன்னொன்று, "தினமும் காலையில வாக்கிங் போங்க, சரியாயிடும்." முதலாவது அன்பினால் சொல்வதுதான், ஆனால் நிலைமையை மோசமாக்கும். உட்கார்ந்தே இருப்பவருக்குத் தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலிய ஆரம்பிக்கும். மெலிந்த காலோடு எழுந்தால் தள்ளாட்டம் கூடும், பயமும் கூடும். இரண்டாவது நல்ல பழக்கம்தான், ஆனால் தள்ளாட்டத்துக்கு அது மட்டும் போதாது. முதியவர்கள் விழாமல் இருக்க எந்தப் பயிற்சி உதவுகிறது என்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்டது. சமநிலைப் பயிற்சியும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சிகளும் செய்தவர்கள் விழுவது கிட்டத்தட்டக் கால் பங்கு குறைந்திருந்தது. நடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே தேவைப்படுவது சமநிலைப் பயிற்சி. அதை எந்த வயதிலும் தொடங்கலாம். எண்பது வயதுக்காரருக்கும் பலன் தரும்.

தள்ளாட்டம் எங்கிருந்து வருகிறது

நாம் நேராக நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். மூன்றில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு பழுதானால்தான் சிக்கல். பல வருடம் சர்க்கரை இருக்கும் ஒருவருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். தரை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால்தான் தெரிந்துகொள்வார். அவர் குளிக்கும்போது முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடனே ஒரு பக்கம் சாய்வார். ராத்திரி கரண்ட் போனாலும் அப்படித்தான். "வெளிச்சத்தில் நன்றாகத்தான் நடக்கிறார்" என்று வீட்டில் சொல்வார்கள். அது சரிதான், கண்ணை நம்பித்தான் அவர் நடக்கிறார். இதைப் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னால், பரிசோதனையில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தகவல் சரியாக வந்தாலும், விழாமல் தாங்கிப் பிடிக்கக் காலில் வலு வேண்டும். தடுக்கினால் அடுத்த காலைச் சட்டென்று முன்னால் வைக்க வேண்டும். அந்த வேகம் வயதானால் குறைகிறது. பயிற்சியில் நாம் மீட்பது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான்: வலு, வேகம்.

முதலில் டாக்டர், அப்புறம் பயிற்சி

திடீரென்று, சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ வந்த தள்ளாட்டம் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். கூடவே வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் விழுவது இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

மெதுவாக வந்த தள்ளாட்டத்துக்கும் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுவது அவசியம். பயிற்சியால் தீராத, ஆனால் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் சில உண்டு. பிரஷரைப் படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், எழும்போது வரும் கிறுகிறுப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்று பாருங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் மரத்துப்போகும். கண்புரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் அறையே சுற்றுகிறது என்றால் அது உள்காதுப் பிரச்சினையாக இருக்கலாம்; தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் செய்யும் ஒரு சிகிச்சையில், பலருக்கு ஓரிரு தடவையிலேயே அது போய்விடும். நடை தடுமாறுவதோடு சட்டைப் பொத்தான் போடவும் வரவில்லை, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் தள்ளிப்போடாமல் நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.

பிசியோவிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும்

நம் ஊரில் பிசியோ என்றாலே "கரண்ட் வைப்பது" என்று ஆகிவிட்டது. மெஷினில் பத்துப் பதினைந்து நிமிடம், வெந்நீர்ப் பை கொஞ்சம், கைகால் நீவிவிட்டு அனுப்பி வைப்பது. இவற்றால் வலி சிறிது நேரம் குறையும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் படுத்துக்கொண்டிருப்பவருக்குச் சமநிலை வராது. அது நின்றால்தான், நகர்ந்தால்தான் வரும். சமநிலைக்காகப் போகிறீர்கள் என்றால், அங்கே இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவர் நின்றுகொண்டு ஏதாவது செய்ய வேண்டும். நாலைந்து தடவை போயும் கட்டிலை விட்டு எழுப்பவில்லை என்றால், தயங்காமல் கேளுங்கள்: "நிக்க வச்சு என்ன பயிற்சி குடுப்பீங்க? வீட்டுல என்ன செய்யணும்?"

பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்தவரா என்று பார்த்துச் சேருங்கள். முதல் நாளே பயிற்சியை ஆரம்பிக்காமல், கேள்வி கேட்டு, நடக்கவிட்டு, அளந்து பார்ப்பவர் என்றால் நல்ல அறிகுறி. 14 வேலைகளைச் செய்யச் சொல்லி 56 மதிப்பெண்ணுக்குப் போடும் பெர்க் சமநிலை அளவுகோலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். மதிப்பெண்ணை எழுதி வாங்கி வையுங்கள். முன்னேற்றம் இருக்கிறதா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேட்கலாம். பலருக்கு இது தெரியவில்லை என்பதால் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு சின்ன அளவெடுப்பு

கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். அதிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. பெரியவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். போனில் நேரம் பாருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் பக்கத்திலேயே நடக்க வேண்டும், ஆனால் பிடிக்கக் கூடாது.

அடுத்தது, நிற்பது. பாதங்களைச் சேர்த்து வைத்து 10 நொடி. ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் நகர்த்தி 10 நொடி. பிறகு ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் பெருவிரலைத் தொடும்படி, ஒரே கோட்டில் 10 நொடி. கடைசியாக ஒற்றைக் காலில். மூன்றாவது நிலையில் 10 நொடி நிற்க முடியாதவர் கட்டாயம் பிசியோவைப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் தடுமாறினாரோ அங்கிருந்துதான் பயிற்சி தொடங்கும்.

இடமும் உடையும்

பயிற்சிக்கு வீட்டிலேயே நல்ல இடம் சமையல் மேடை. ஆடாது, நகராது, உயரமும் சரியாக இருக்கும். மேடையைப் பார்த்தபடி நிற்க வேண்டும், பின்னால் ஒரு கனமான நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரையில் அது வழுக்கிப் பின்னால் போய்விடும். மூலையில் சுவருக்கு முதுகு காட்டி நின்று முன்னால் நாற்காலி போட்டுக்கொள்வதும் பாதுகாப்பானதுதான்.

வேட்டி, கைலி என்றால் மடித்துக் கட்டச் சொல்லுங்கள். புடவை கொசுவமும் நைட்டியின் விளிம்பும் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். பாதம் மரத்திருப்பவர்கள் வெறுங்காலில் செய்யக் கூடாது. பின்பக்கம் பட்டை வைத்த செருப்போ ஷூவோ போட வேண்டும். ரப்பர் ஹவாய் எப்போதுமே ஆபத்துதான்.

உதவிக்கு நிற்பவர் சற்றுப் பின்னால், பலவீனமான பக்கமாக நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு அப்படி இழுத்தால் தோள்பட்டை நகர்ந்துவிடக்கூடும். இடுப்பில் ஒரு அகலமான பெல்ட்டைக் கட்டி அதைப் பிடிப்பதே நல்லது.

பயிற்சிகள்

எல்லாவற்றுக்கும் முன்னால், உட்கார்ந்து எழுவது. ஒன்றே ஒன்று செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடியே எழ முயல்வதுதான் பெரும்பாலோர் செய்வது. அப்படி எழவே முடியாது, அல்லது எழுந்த வேகத்தில் திரும்பப் பொத்தென்று விழுவார்கள். நாற்காலியின் முன் விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இப்போது முன்னால் குனிய வேண்டும், மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை. உடம்பின் பாரம் பாதத்துக்கு வந்ததும் பின்பக்கம் தானாகவே லேசாகத் தூக்கும். அந்த நொடியில் எழ வேண்டும். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக. தசைக்கு வலு தருவது இந்த இறக்கம்தான். முடியாதவர்களுக்குப் போர்வையை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள்; கைப்பிடியை ஊன்றிக்கொள்ளலாம். ஐந்து தடவை, ஓய்வு, மறுபடி ஐந்து. வாரங்கள் போகப் போகப் போர்வையை எடுத்துவிடலாம், அப்புறம் கையையும்.

மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நிற்பது, பிறகு விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது: பத்துப் பத்து தடவை. உடம்பைச் சாய்க்காமல் ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவதும் அப்படியே. இடுப்புப் பக்கத் தசை பலவீனமாக இருப்பவர்களுக்குத்தான் நடக்கும்போது உடம்பு இரு பக்கமும் ஆடும்.

இதன்பின் சமநிலை. முன்பு அளந்தபோது தடுமாறிய நிலையில், மேடை முன்னால் 10 நொடி நிற்கப் பழகுங்கள். இங்கே முக்கியமானது கை. முதலில் இரண்டு கையாலும் இறுகப் பிடிப்பார். அடுத்து, பிடியை விட்டு உள்ளங்கையை மேடையில் வைக்க மட்டும் சொல்லுங்கள். அப்புறம் விரல் நுனிகள். அப்புறம் ஒரு கையின் விரல் நுனி. கடைசியில் கை மேடைக்கு ஓரங்குலம் மேலே நிற்கட்டும், தேவைப்பட்டால் தொடலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சில நாளோ சில வாரமோ ஆகும், அவசரம் வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே செய்தால் கைதான் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும், கால் கற்றுக்கொள்ளாது. லேசாக ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் பயிற்சி ரொம்ப எளிது. ஒவ்வொரு தடவையும் பாய்ந்து பிடிக்க வேண்டியிருந்தால் ரொம்பக் கடினம், ஒரு கட்டம் இறங்குங்கள்.

நிற்பது சரியானபின் நகர்வது. மேடையோரமாகப் பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில் நடப்பது, இரண்டு நாற்காலிகளைச் சுற்றி எட்டுப் போட்டு நடப்பது. திரும்புவதற்குத் தனியாக நேரம் கொடுங்கள். பெரியவர்கள் பலர் திரும்பும்போதுதான் விழுகிறார்கள், பாதத்தை ஊன்றியபடி உடம்பை மட்டும் முறுக்குவதால். சின்னச் சின்ன அடியாக வைத்து, வளைந்து திரும்பப் பழக்க வேண்டும்.

இவை வந்தபின், பேசிக்கொண்டே நடப்பது. யாராவது பேச்சுக் கொடுத்தால் சிலர் நடப்பதை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். நடைக்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள், பேரன் பேத்திகளின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள், நடை நிற்காமல்.

எவ்வளவு செய்ய வேண்டும்? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான வீட்டுப் பயிற்சி முறையில் வாரம் மூன்று நாள், தடவைக்குச் சுமார் அரை மணி நேரம்; மற்ற இரண்டு நாள் நடைப்பயிற்சி. அதைச் செய்தவர்கள் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது. அரை மணி நேரம் ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் எழுவது எளிதாகும். நடையில் தெளிவான மாற்றம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். நிறுத்தினால் பலனும் மெல்லக் குறையும்.

மறுநாள் தொடை லேசாக வலித்தால் பரவாயில்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டுவது, மூட்டில் சுருக்கென்ற வலி: இவை வந்தால் உடனே நிறுத்தி உட்கார வைத்து, டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ உட்கார்ந்தும் குறையவில்லை என்றால் 108.

பார்க்கின்சன்ஸ் (நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் நரம்பு நோய்) உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவு நிலை வரும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளாதீர்கள். தரையில் குறுக்காக நிறமுள்ள டேப் ஒட்டி, ஒவ்வொரு பட்டையாகத் தாண்டச் சொல்லுங்கள், அல்லது "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாக எண்ணுங்கள். பலருக்குக் கால் நகர்ந்துவிடும்.

கைத்தடி

தடி பிடித்தால் வயதாகிவிட்டது என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. தடியோடு கடைவீதிக்குப் போய்வருகிறவர், தடியில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவரைவிட எவ்வளவோ மேல். ஆனால் பலர் அதைத் தப்பான கையில் பிடிக்கிறார்கள். வலது கால் பலவீனம் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். தடியும் பலவீனமான காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு ரேகை உயரத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும். அடியிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் மாற்றுங்கள், சில ரூபாய்தான். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

பாத்ரூமும் ராத்திரியும்

ஈரத்தரைதான் பெரிய எதிரி. டவல் மாட்டும் கம்பியைப் பிடித்து எழுபவர்கள் உண்டு. அது ஆளின் பாரத்தைத் தாங்காது, சுவரோடு பெயர்ந்து வரும். சுவரில் போல்ட் போட்ட கைப்பிடி வையுங்கள். குளிக்க ஒரு ஸ்டூல், வாளியை வைக்க இன்னொரு ஸ்டூல், குனிந்து மொள்ள வேண்டியதில்லை. உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று பேசி வையுங்கள். ராத்திரி எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டிவிட்டு எழ வேண்டும். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

விழுந்துவிட்டால்

பதறி அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். முதலில் பேச்சுக் கொடுங்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், காயமே தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அடி எதுவும் இல்லை என்றால் அவரையே எழ விடுங்கள். ஒரு பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, முட்டி போட்டுத் தவழும் நிலைக்கு வரட்டும். கனமான நாற்காலியை அவர் முன்னால் கொண்டுவந்து வையுங்கள். இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, வலுவான காலின் பாதத்தைத் தரையில் வைத்து, உந்தி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். இதையும் பிசியோ முன்னிலையில் முன்கூட்டியே பழகிவிடலாம். தரையிலிருந்து எழத் தெரியும் என்ற தைரியம் வந்தவர்களுக்கு நடக்கும் பயம் பாதி குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்தப் பக்கமாக, காலில் என்ன போட்டிருந்தார், எந்த மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது. விழாமல் சமாளித்த தடவைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிசியோவிடம் போகும்போது அந்த நோட்டைக் காட்டினால், பயிற்சியில் எதைக் கூட்டுவது, எதை மாற்றுவது என்று அவர் அதைப் பார்த்தே முடிவு செய்வார்.